குளவி என்ற சொல்லுக்கு வந்த வசனம்

பசறை
19.06.2024

அன்புள்ள விதுஷாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வரியையும் கூட்ட மாட்டேன், பாதகமானதை விழுங்கவும் மாட்டேன். நீ என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். அம்மாவின் போனிலிருந்து எடுத்தேன், அதையும் பிளாக் பண்ணிவிட்டாய். தபால்காரரை பிளாக் பண்ண முடியாது என்பதால் இந்தக் கடிதம்.

வெலிமடை பஸ் நிலையத்தில் அந்தத் தியானக் குறிப்பேட்டை உன் கையில் கொடுத்தபோது அது பூப்போட்ட கடதாசியில் சுற்றி, நாடா கட்டி இருந்தது. நான் பிரித்துப் பார்க்கவில்லை. அழகாகக் கட்டியதைக் குலைக்க மனம் வரவில்லை என்பதுதான் காரணம். அன்றிரவு நீ ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினாய்: "அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தது நீயா?" எந்தப் பக்கம் என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை. மறுநாள் பதுளைக்குப் போய்ச் சபை ஒஃபிஸில் இருந்த உன் புத்தகத்தின் இன்னொரு பிரதியைத் திறந்து பார்த்தேன். பார்த்துவிட்டுச் சபைக்குப் பின்னால் உள்ள குழாயடியில் போய் நின்றேன். முகத்தைக் கழுவிவிட்டு பஸ் ஏறினேன்.

இந்தப் புத்தகங்கள் எப்படித் தயாராகின என்று உனக்குச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிற பெனிட்டா சிஸ்டர் வைகாசியில் என்னைக் கூப்பிட்டார். "கெசி, தோட்டத்துப் புள்ளைங்களுக்கு ஆளுக்கொரு ஜேர்னல் செய்யப் போறோம். எல்லாருக்கும் ஒரே புத்தகம் இல்ல. அவங்கவங்களுக்கே செஞ்சது" என்றார். வெளிநாட்டிலிருந்து ஒரு மாதிரிப் புத்தகம் வந்திருந்தது. அட்டையில் பிள்ளையின் பெயர் பொன்னெழுத்தில். உள்ளே பிள்ளையின் போட்டோ, பிள்ளையின் சொல், அந்தச் சொல்லுக்கு ஒரு வசனம், பிறகு எழுதுவதற்குக் கோடு போட்ட பக்கங்கள். எனக்கு மெய்சிலிர்த்தது. நம் லயத்து வீடுகளில் பெயர் போட்ட பொருள் யாரிடம் இருக்கிறது?

"புள்ளைங்கள தெரிஞ்சவ நீதானே. ஒவ்வொருத்தர் வாழ்க்கைக்கும் ஒரு சொல் எழுதிக் குடு" என்றார். நான் ஒரு வாரம் யோசித்தேன், விது. சந்தோஷமாக யோசித்தேன். துஷாந்துக்கு "நாய்" என்று எழுதினேன், அவனுடைய மணி இல்லாமல் அவன் கடைக்குக்கூடப் போகமாட்டான் அல்லவா. ரஜீவுக்கு "ரயில்", தெமோதரை ஸ்டேஷனில் நின்றே பாதி நாளைக் கழிக்கிறவன். உனக்கு "குளவி" என்று எழுதினேன்.

ஏன் என்று சொல்கிறேன். தேயிலை கவ்வாத்து வெட்டுகிற மலையில் உன் அப்பாவை, அழகையா மாமாவைக் குளவிகள் கொட்டி, சாக்குப் படங்கில் வைத்துத் தூக்கி வந்ததை நீயும் நானும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்து ஓரத்தில் நின்று பார்த்தோம். அதற்குப் பிறகு வகுப்பில் மின்விசிறி சுற்றினாலும் உனக்கு அந்தச் சத்தம் கேட்கிறது என்று என்னிடம் மட்டும் சொன்னாய். அந்தச் சத்தம் நிற்க யாராவது உட்கார்ந்து ஜெபிக்க வேண்டும், உனக்கென்று நாலு வரி ஆறுதலாக எழுத வேண்டும் என்று நினைத்தேன். சொற்களைக் கொடுத்தால் சிஸ்டர் ஒவ்வொன்றையும் வைத்து யோசிப்பார் என்று நம்பினேன்.

ஒஃபிஸில் இருந்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, அவர் போனில் உள்ள வேதாகமத்தைத் திறந்து, தேடும் பெட்டியில் அந்தச் சொல்லை அடித்து, கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டிருக்கிறார். அவ்வளவுதான். குளவி என்று அடித்திருக்கிறார். பகைவர்களைத் துரத்திவிடக் குளவிகளை அனுப்புவேன் என்று கர்த்தர் சொல்லுகிற வசனம் வந்திருக்கிறது. அதற்குக் கீழே எல்லாப் புத்தகத்திலும் உள்ள வரி: "அன்பு விதுஷா, இது உனக்கென்றே கர்த்தர் தந்த வாக்கு."

சொல் என்னுடையது. வசனம் என்னுடையது இல்லை. இதற்கு மேல் எனக்காகப் பேச ஒன்றுமில்லை.

கெசியா

வெலிமடை
27.06.2024

கெசியா,

"அன்புள்ள" போட மனம் வரவில்லை. அதனால் போடவில்லை.

உன் கடிதத்தை நான் வேலைக்குப் போகிற கரட் கழுவும் இடத்தில் வைத்துப் படித்தேன். பாதி நனைந்துவிட்டது. நனையாத பாதியே போதும்.

நீ சொல்வதை நம்புகிறேன். நம்பினாலும் அருவருப்புப் போகவில்லை. சிஸ்டர் தேடினார், சரி. பெட்டிக்குள் போட அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தது யார்? முதலாம் வகுப்பிலிருந்து உன் பக்கத்து வாங்கில் இருந்தவள் நான். எனக்கு ஒரு சொல் என்றால் உனக்குக் குளவிதான் வந்ததா? உனக்கு ஒரு சொல் எழுதிக் கொடுக்கச் சொன்னால் எப்போதும் உன் கையில் இருக்கிற "புத்தகம்" என்றுகூட நான் எழுத மாட்டேன். கெசியா என்றுதான் எழுதிக் கொடுப்பேன். அதை எந்தப் பெட்டியில் போட்டுத் தேடினாலும் நீ கிடைக்கமாட்டாய்.

இங்கே நடப்பது உனக்குத் தெரியாது. அம்மாவுக்கு அந்தப் புத்தகம் என்றால் உயிர். மகள் பெயர் பொன்னில் இருக்கிறதாம். நாங்கள் வந்து இருக்கிற பெரியம்மா வீட்டுச் சாமி தட்டில், அப்பாவின் போட்டோவுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்திருக்கிறாள். தினம் பின்னேரம் விளக்கு வைத்த கையோடு எடுத்து என்னிடம் நீட்டுகிறாள். "ஒனக்குன்னு குடுத்த வாக்காமே, வாசிடி." அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அதுவும் பெயர்கள் மட்டும். அதனால் நானே இட்டுக்கட்டி வாசிக்கிறேன். ஒரு நாள், உன் வீட்டு அடுப்பு அணையாது. ஒரு நாள், உன் கால் சறுக்காது. நேற்று அம்மா கேட்டாள், "நேத்து வேற மாதிரில்ல வாசிச்ச?" இன்றைக்கு வேறு பக்கம் என்று சொன்னேன். எத்தனை நாளைக்கு?

போன ஞாயிற்றுக்கிழமை உன் சிஸ்டர் சபை வான் வண்டியில் வந்தார். பெரியம்மா கொடுத்த தேத்தண்ணீரைத் தொடவில்லை. தான் கொண்டுவந்த கேக்கைத் தானே வெட்டி, தானே தின்று, விரலைச் சூப்பினார். ஜூலை இருபதாம் திகதி பதுளையில் விழாவாம். வெள்ளைக்கார அம்மாமார் வருவார்களாம். அம்மா மேடைக்கு ஏறி நிற்க வேண்டுமாம், என் பக்கத்தை எல்லாருக்கும் வாசிப்பார்களாம், அப்பாவின் போட்டோவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமாம். "ஆனா பொட்டு இல்லாம கொண்டு வாங்க" என்றார். சொல்லிவிட்டு அம்மா பதில் சொல்வதற்குள் கைப்பையிலிருந்து ஈர டிஷ்யூ எடுத்து, போட்டோவில் அப்பாவின் நெற்றியைத் தானே துடைத்தார். குங்குமத்தோடு அந்த டிஷ்யூவை எங்கள் வாசற்படியில் போட்டுவிட்டுப் போனார். நான்தான் பொறுக்கினேன். வாசனை போட்டிருந்த டிஷ்யூ. சீ.

அம்மா போகத்தான் போகிறாள். அப்பா செத்த மாதத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் அழுவதைக் கேட்டவர்கள் அந்தச் சபைப் பெண்கள் மட்டும்தான் என்று சொல்கிறாள். அது உண்மையும்தான். தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொல்வதும் அந்தப் பக்கத்தை வாசிப்பதும் ஒன்றுதான்.

அம்மாவின் காதில் அது விழக்கூடாது. அதற்கு நீ ஏதாவது செய்தால் செய். செய்யாவிட்டால் இனிமேல் எழுதாதே.

விதுஷா

பசறை
03.07.2024

அன்புள்ள விது,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பதுளை பஸ்ஸில் ஏறினேன்.

சிஸ்டர் ஒஃபிஸில் புத்தகங்களுக்கு லேமினேட் போட்டுக்கொண்டிருந்தார். அந்த அறையில் எரிந்த பிளாஸ்டிக் வாடையும் முட்டை ரோல்ஸ் வாடையும் சேர்ந்து அடிக்கும். முன்பு அந்த வாடை எனக்குப் பிடிக்கும், வேலை நடக்கிற வாடை என்று நினைப்பேன். நான் உன் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

"சிஸ்டர், விதுஷாவோட அப்பா எப்படிச் செத்தாருன்னு ஒங்களுக்குத் தெரியுந்தானே?"

"தெரியும். குளவி கொட்டி. அதுக்குத்தானே குளவி வசனம்."

"இந்த வசனத்துல குளவிய அனுப்புறதே கர்த்தர்தான்."

அவர் குனிந்து வாசித்தார். விது, சத்தியமாகச் சொல்கிறேன், அவர் அதை முதல்முறையாக அப்போதுதான் வாசித்தார். உதடு அசைந்ததிலிருந்து எனக்குத் தெரிந்தது. முகம் கொஞ்சம் மாறியது. ஒரு நிமிடம், மாற்றிவிடுவார் என்றே நினைத்தேன். பிறகு ரோல்ஸை ஒரு கடி கடித்துவிட்டு, "இதுல ஆவிக்குரிய அர்த்தம் ஒன்னு இருக்கு கெசி. நீ சின்னப் புள்ள" என்றார்.

"என்ன அர்த்தம் சிஸ்டர்?"

"அது வெளிப்படும்."

"ஒரு பக்கந்தானே, மாத்திடலாமே."

"ஏலாது. எல்லாப் பக்கமும் ஸ்பொன்சர்மாருக்குப் போய், பார்த்து, ஓகேன்னு வந்திருச்சு. இனி மாத்துனா நாம ஏதோ மறைக்கிறோம்னு நெனப்பாங்க. அதோட வசனத்தை மாத்த நாம யாரு?"

வசனத்தை மாற்றச் சொல்லவில்லை, வேறு வசனம் வைக்கத்தான் சொல்கிறேன் என்றேன். அவர் லேமினேட் மெஷினைப் பார்த்தார். காத்திருந்த நேரத்தில் மற்றப் புத்தகங்களையும் புரட்டினேன். துஷாந்தின் வாக்கு என்ன தெரியுமா? நாய்களைக் குறித்து எச்சரிக்கையாய் இருக்கச் சொல்லும் வசனம். ரயில் வேதத்தில் இல்லை, ஆகவே ரஜீவுக்கு "இரும்பு" என்று தேடியிருக்கிறார். வானம் வெண்கலமாகவும் நிலம் இரும்பாகவும் போய்விடும் என்ற சாபம் வந்து அவன் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் மஞ்சள் பூக்கள் வரைந்திருக்கிறார்கள்.

எனக்கு வசனங்கள் மேல் கோபமில்லை. அவை யாருக்கோ எதற்கோ சொல்லப்பட்டவை. ஒருவர் கடிதத்தைப் பிரித்து நடுவில் ஒரு வரியைக் கிழித்து இன்னொருவர் வீட்டில் போட்டால் எப்படி இருக்கும்? அதைத்தான் செய்திருக்கிறார்கள், பொன்னெழுத்தில். தினம் காலையில் நான் திறக்கிற வேதத்தை இரண்டு நாளாகத் திறக்கப் பிடிக்கவில்லை. அதற்காகத்தான் சிஸ்டரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அங்கிருந்து இறங்கி மர்ஸூக் நானாவின் அச்சகத்துக்குப் போனேன். புத்தகங்களை அடித்தது அவர்தான்.

"நானா, அடிக்கும்போது ஒங்களுக்கு ஒன்னும் தோணலையா?"

"தோணிச்சு புள்ள. நாயப் பத்தினதப் பார்த்துட்டு அந்த சிஸ்டருக்கு ஒரு போன் கோல் எடுத்தன். 'நீங்க அடிங்க'ன்னாங்க, அடிச்சன். ஒங்கட வேதத்துல நான் கை வச்சா ரெண்டு பக்கத்தாலயும் எனக்குத்தான் அடி."

சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் கம்ப்யூட்டரில் உன் பக்கத்தைத் திறந்து, ஓரத்துப் பூக்களையும் உன் பெயரையும் மட்டும் வைத்துவிட்டு மற்றதையெல்லாம் அழித்தார். "நடுவுல என்ன வரணும்னு எழுதிட்டு வாங்க. அதே தாள்ல அடிச்சுத் தாறன். பழைய பக்கத்துக்கு மேல ஒட்டினா ஒட்டினதே தெரியாது."

இப்போது முக்கியமான விஷயம். மேடையில் பக்கங்களை வாசிக்கப் போவது நான். குரல் நன்றாக இருக்கிறதென்று போன மாதமே சொல்லிவிட்டார்கள். உன் அம்மா கொண்டுவரும் புத்தகத்தைத் திறந்துதான் வாசிப்பேன். அதில் என்ன ஒட்டியிருக்கிறதோ அதுதான் அத்தையின் காதில் விழும்.

நடுவில் என்ன வரவேண்டும்? எந்த வசனமாவது உனக்குப் பிடிக்குமா? நான் சொல் எதையும் எடுத்துத் தரமாட்டேன். நீயே சொல்.

கெசியா

வெலிமடை
10.07.2024

கெசியா,

வசனம் வேண்டாம். இனி எந்த நல்ல வசனத்தைக் கண்டாலும் எனக்கு அந்த ரோல்ஸ்தான் நினைவுக்கு வரும்.

கீழே உள்ளதை அடிக்கச் சொல். பிழை இருந்தால் நீ திருத்திக்கொள். ஆனால் அழகுபடுத்தாதே. உனக்கு அந்த வியாதி இருக்கிறது.

"என் அப்பாவின் பெயர் அழகையா. அவர் கவ்வாத்து மலையிலிருந்து வரும்போது விறகுக்குத் தேயிலை மிலாறு கட்டி வருவார். வீட்டுக்கு வந்து பிரிக்கும்போது உள்ளே குருவிக்கூடு இருந்தால் அந்தக் கட்டை அப்படியே திரும்ப மலைக்குக் கொண்டுபோவார். அம்மா ஏசுவாள். கலியாண வீட்டில் நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் பின்கதவால் ஓடிவிடுவார். அவருக்கு யாரோடும் பகை இருக்கவில்லை. அம்மாவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, ஏ புள்ள என்றுதான் கூப்பிடுவார். ஆஸ்பத்திரிக்கு லொறியில் ஏற்றும்போது மட்டும் நல்லம்மா என்று கூப்பிட்டார்."

இவ்வளவுதான். இதைக் குறிப்பேடு என்று சொல்லலாம்.

நான் விழாவுக்கு வரமாட்டேன். வந்தால் அந்தக் கேக்கை எடுத்து அவர் முகத்தில் அப்பிவிடுவேன், பிறகு அம்மாவுக்குத்தான் அவமானம். அம்மா சபைப் பெண்களோடு வானில் வருவாள். பச்சைச் சேலையை இரண்டு தரம் தோய்த்துவிட்டாள். மேடையில் எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று பெரியம்மாவிடம் கேட்கிறாள். பார்க்கப் பார்க்க ஆத்திரம் வருகிறது, அம்மா மேல் இல்லை.

சீக்கிரம் அனுப்பு.

விதுஷா

பசறை
14.07.2024

அன்புள்ள விது,

பக்கம் இத்துடன் இருக்கிறது. நான் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. நானா அடித்துவிட்டு இரண்டு தரம் வாசித்தார், கடையில் இருந்த நல்ல தாளில் இன்னொன்று அடித்தார். அதைத்தான் அனுப்புகிறேன்.

கஞ்சிப் பசை போடாதே, கரப்பான் தின்னும். கடைப் பசையை ஓரத்தில் மட்டும் மெல்லிசாகப் பூசு.

அத்தையை மேடையில் நான் பார்த்துக்கொள்வேன்.

கெசியா

வெலிமடை
22.07.2024

கெசியா,

அம்மா சனிக்கிழமை பின்னேரம் வந்து சேர்ந்தாள். சேலையை மாற்றினாள். அப்பாவின் போட்டோவைத் தட்டில் வைத்து, பெரிய பொட்டாகக் குங்குமம் வைத்தாள். பானையைக் கழுவினாள். எப்படி நடந்தது என்று கேட்டால், "நடந்துச்சு" என்கிறாள். பெரியம்மா கேட்டாலும் அதேதான். கூட வானில் வந்த பெண்களிடம் கேட்டேன். ஒருத்தி தலையைத் திருப்பிக்கொண்டாள், இன்னொருத்தி "ஒங்கம்மாவ நாளைக்கு வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு வரவேயில்லை.

புத்தகம் வரவில்லை. எங்கே என்று கேட்டதற்கு, "அங்கனயே வச்சுட்டேன்" என்றாள். ஆனால் நான் ஒட்டின பக்கத்தை மட்டும் கிழித்து நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். ராத்திரி தலையணைக்கு அடியில் வைக்கிறாள். வாசித்துக் காட்டவா என்று கேட்டேன். "வேணாம், எனக்குத் தெரியும்" என்றாள். பின்னேரம் விளக்கு வைக்கும்போது ஒன்றும் கேட்பதில்லை.

அவள் காதில் விழுந்ததா இல்லையா? எப்போது கிழித்தாள்? எனக்குத் தெரிய வேண்டும். முதல் கடிதத்தில் என்னவோ சத்தியம் பண்ணினாயே, கூட்டவும் மாட்டேன் விழுங்கவும் மாட்டேன் என்று. அதைச் செய்.

விது

பசறை
25.07.2024

அன்புள்ள விது,

விழுந்தது.

முதலிலேயே சொல்லிவிட்டேன், நீ ஒவ்வொரு வரியாகப் பயந்துகொண்டு படிக்கக்கூடாது. எப்போது கிழித்தார் என்பதை நான் பார்க்கவில்லை. மற்றதையெல்லாம் பார்த்தேன். எழுதுகிறேன்.

பதுளை மண்டபம் நிறைந்திருந்தது. பிளாஸ்டிக் கதிரைகளுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, பின்னால் ஊதா நாடா கட்டியிருந்தார்கள். முன்வரிசையில் இரண்டு வெள்ளைக்கார அம்மாமார். ஒருவர் வயதானவர், தடித்த கண்ணாடி, எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பொய் இருப்பதாக எனக்குப் படவில்லை. அதையும் எழுத வேண்டும். மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய திரை. அது எதற்கென்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

முதலில் துஷாந்தைக் கூப்பிட்டார்கள். அவன் மேடைக்கு வந்ததும் பின்னால் திரையில் அவனுடைய போட்டோவும் அவன் பக்கமும் சுவர் அளவுக்கு வந்து நின்றன. புத்தகத்தில் உள்ளதெல்லாம் திரையிலும் வரும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நாய் வசனத்தை வாசித்தேன். பின்வரிசைப் பையன்கள் குரைத்தார்கள். துஷாந்த் மைக்கைப் பிடித்து, "எங்க மணி கடிக்காதுங்க" என்றான். எல்லாரும் கைதட்டினார்கள். சிஸ்டர் அதை இங்கிலீஷில் வேறு என்னவோ சொன்னார், வெள்ளைக்கார அம்மாமாரும் கைதட்டினார்கள். ரஜீவின் சாபத்துக்கும் கைதட்டினார்கள். அவன் அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். நான் வாசிக்க வாசிக்க, கெட்டுப்போன பாலை ஒவ்வொருவர் கையிலும் ஊற்றிக் கொடுப்பதுபோல இருந்தது. வாங்கிய எல்லாரும் நன்றி சொன்னார்கள்.

பிறகு அத்தையைக் கூப்பிட்டார்கள். பச்சைச் சேலையில், ஒரு கையில் மாமாவின் போட்டோ, ஒரு கையில் புத்தகம். என்னைக் கண்டதும் முகம் தெளிந்தது. "நீதான் வாசிக்கிறியா, நல்லதாப் போச்சு" என்று மெல்லச் சொல்லிப் புத்தகத்தை நீட்டினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரையில் என்ன நிற்கிறது என்று எனக்குத் தெரியும், அத்தைக்கு அதை வாசிக்க வராது என்றும் தெரியும். புத்தகத்தைத் திறந்து நீ எழுதியதை வாசித்தேன்.

முதல் வரியில் "அழகையா" என்றதும் அத்தை என்னைப் பார்த்தார். குருவிக்கூட்டுக்கு வந்தபோது சிரித்துவிட்டார், விது. போட்டோவைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். முன்வரிசையில் நம் தோட்டத்துப் பெண்கள் "அய்யோ, ஆமா, ஆமா" என்றார்கள். பின்கதவால் ஓடுவார் என்றதும் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். கடைசி வரிக்கு யாரும் கைதட்டவில்லை. அத்தை கண்ணைத் துடைக்கவில்லை, என் பக்கமாக ஓரடி வந்தார். "எம் மக எழுதுனதா?" என்று கேட்டார். ஆமாம் அத்தை என்றேன்.

அங்கேயே முடிந்திருக்க வேண்டும். சிஸ்டர் மேடையில் ஏறி என் காதருகில், "என்னத்த வாசிக்கிற? ஸ்கிரீனப் பாரு, அதுல உள்ளத வாசி" என்றார்.

"மாட்டேன் சிஸ்டர்."

"கெசி, ஸ்பொன்சர்மார் கையில பிரிண்ட் இருக்கு. என்னடா வேற போகுதேன்னு பாக்குறாங்க."

"மாட்டேன்."

கையிலிருந்து மைக்கைப் பறித்தார். மைக் கீச்சிட்டது. கீபோட் அண்ணன் மெல்லிய இசை போட்டார். சிஸ்டர் திரையைப் பார்த்து, அழகான குரலில், கண்ணை மூடித் திறந்து, வசனத்தை முழுதாக வாசித்தார். குளவிகளை அனுப்புவேன் என்ற இடத்தில் குரலை உயர்த்தினார். பிறகு, "அன்பு விதுஷா, இது உனக்கென்றே கர்த்தர் தந்த வாக்கு" என்று முடித்து, "ஆமென் சொல்லுங்க" என்றார். சிலர் சொன்னார்கள். நம் தோட்டத்துப் பெண்கள் சொல்லவில்லை.

அத்தை சிஸ்டரைப் பார்த்தபடி நின்றார். எனக்கு ஓடிவிட வேண்டும்போல இருந்தது. ஓடவில்லை, ஆனால் அத்தையின் கையைப் பிடிக்கவும் இல்லை. பார்த்துக்கொள்வேன் என்று உனக்கு எழுதியிருந்தேன்.

"சிஸ்டர், அப்ப குளவிய அனுப்புனது அவருதானா?" என்று கேட்டார் அத்தை.

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. கடைக்காரரிடம் விலை கேட்பதுபோலக் கேட்டார். மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுவதும் கேட்டது. சிஸ்டர் சிரித்துக்கொண்டே அத்தையின் தோளில் தட்டினார்.

"இல்ல, சொல்லுங்க. தப்பா நெனக்காதீங்க. பகையாளிக்குத்தான அனுப்புறதுன்னு வாசிச்சீங்க. இந்த மனுசன் அவருக்கு என்ன செஞ்சாரு?" என்று மாமாவின் போட்டோவைச் சிஸ்டரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

கீபோட் நின்றுவிட்டது. கண்ணாடி போட்ட வெள்ளைக்கார அம்மா கதிரையில் முன்னுக்குச் சாய்ந்து, அவர் என்ன சொல்கிறார் என்று இங்கிலீஷில் கேட்டார். சிஸ்டர் மைக்கில், "ஷீ இஸ் தேங்கிங் த லோர்ட்" என்றார், அத்தை கர்த்தருக்கு நன்றி சொல்கிறாராம். அந்த அம்மா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியது. அத்தையைப் பார்த்துத் தலையசைத்தார். அத்தை அதைப் பதில் என்று நினைத்து, இன்னும் என்னவோ வரப்போகிறதென்று காத்துக்கொண்டு நின்றார்.

அந்த இங்கிலீஷைச் சனிக்கிழமைகளில் எனக்குக் கற்றுக்கொடுத்தது பெனிட்டா சிஸ்டர்தான். என்னிடம் மைக் இல்லை. மேடை ஓரத்துக்குப் போய், தொண்டை கிழிய, "நோ! ஷீ இஸ் நொட் தேங்கிங். ஷீ இஸ் ஆஸ்கிங் எ கொஸ்ட்யன்" என்று கத்தினேன். வெள்ளைக்கார அம்மா என் பக்கம் திரும்பி, "என்ன கேள்வி?" என்றார்.

"வீடியோவப் போடுங்க, வீடியோவ!" என்று சிஸ்டர் பின்பக்கம் பார்த்துக் கையைக் காட்டினார். நான் வாயைத் திறந்தேன். அத்தை புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். மண்டபத்து விளக்குகளை அணைத்துவிட்டார்கள். விளக்கு வந்தபோது புத்தகம் மேடையில் கிடந்தது, உன் பக்கம் அதில் இல்லை.